பக்தாதில் கொல்லப்பட்ட பூனையும் வளர்ப்பவரின் பொறுப்பும்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலும் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பக்தாது நகரில் புகழோடு விளங்கிய கவிஞர்களுள் அபூபக்ர் அல்ஹஸன் இப்னு அலீ என்பவர் ஒருவர். இப்னுல் அல்லாஃப் என்பதே அவர் வழங்குபெயர். நஹ்ரவான் பகுதியைச் சேர்ந்த அவர் கண்பார்வையற்றவர், அப்பாஸியக் கலீஃபா முஃதளிதின் (ஆட்சி: ஹி. 279-289 / கி.பி. 892-902) அவைத் தோழர். ஹிஜ்ரி 318இல் (கி.பி. 930) ஏறத்தாழ நூறு வயதில் அவர் மறைந்ததாக இப்னு கல்லிகான் (இறப்பு: ஹி. 681 / கி.பி. 1282) தமது ‘வஃபயாத்துல் அஃயான்’ என்னும் வரலாற்றுத் தொகுப்பில் குறிப்பிடுகின்றார்.

இப்னுல் அல்லாஃபின் பெயரை இன்றளவும் நிலைக்கச் செய்திருப்பது அவர் பாடிய ஓர் இரங்கற்பா. அறுபத்தைந்து அடிகள் கொண்டதாகச் சொல்லப்படும் அந்தப் பாடல் ஒரு பூனையின் மரணத்தைப் பற்றியது. வீட்டை எலிகளிடமிருந்தும் நச்சுயிர்களிடமிருந்தும் காத்துவந்த அப்பூனை அயலாரின் புறா மாடங்களுக்குள் நுழைந்து குஞ்சுகளைத் தின்னப் பழகிற்று. நாளடைவில் அச்சம் துறந்து பகலிலும் இரவிலும் வேட்டையாடியது. பொறுமையிழந்த புறா வளர்ப்போர் காத்திருந்து பிடித்துக் கொன்றுவிட்டனர். பிள்ளையை இழந்த தந்தையைப் போல் கவிஞர் புலம்புகின்றார். அதே வேளையில் அயலாரின் சினத்தில் நியாயமிருந்ததை மறைக்கவும் அவர் முயலவில்லை.

பூனை என்பது ஒரு மறைபொருளே என்று கருதியோரும் உண்டு. ஹிஜ்ரி 296இல் கொலையுண்ட இளவரசரும் கவிஞருமான இப்னுல் முஃதஸ்ஸுக்காகவே அவர் அழுதார், ஆட்சியாளருக்கு அஞ்சிப் பூனையின் பெயரைச் சொன்னார் என்பது ஒரு கருத்து. வஸீர் இப்னுல் ஃபுராத்தின் மகன் முஹஸ்ஸினை எண்ணிப் பாடினார் என்பது மற்றொன்று. உண்மையாகவே அவர் வளர்த்த பூனைதான் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. எதுவாயினும், பாடலைக் கேட்ட பக்தாது மக்களுக்கு அதன் கதை அயலானதாக இருந்திருக்க முடியாது. செல்லமாக வளர்ந்த பூனை சீறும் விலங்காக மாறுவதும், அதனால் அண்டை வீட்டாரிடையே பகை மூள்வதும் எல்லா ஊர்களிலும் நிகழ்வனவே.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. புறாக்குஞ்சுகள் மடிந்ததற்குக் குற்றவாளி யார்? பூனையா, அதை வளர்த்த கவிஞரா? பிடித்துக் கொன்ற அயலார் செய்தது சரியா? நம் முன்னோர் இக்கேள்வியைச் சிறியதெனத் தள்ளிவிடவில்லை. ஹதீஸ் விரிவுரையாளர்களும் உயிரின நூலாசிரியர்களும் ஃபுகஹாக்களும் தத்தம் துறையில் நின்று இதனை ஆராய்ந்துள்ளனர்.

முதலில் இஸ்லாமியச் சமூகத்தில் பூனை பெற்றிருந்த இடத்தை நினைவுகூர்வோம். அபூகதாதா (ரலி) அவர்களுக்கு அவர்களுடைய மருமகள் கப்ஷா உளூச் செய்யத் தண்ணீர் வைத்தார். அங்கு வந்த பூனை குடிப்பதற்கு ஏதுவாக அபூகதாதா (ரலி) பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். கப்ஷா வியந்து நோக்கவே, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வரும் உயிர்களுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’விலும் அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளிலும் இது பதிவாகியுள்ளது. ‘தவ்வாஃபூன்’ என்னும் அச்சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் (24:58) வீட்டிற்குள் அடிக்கடி வந்துபோகும் பணியாளர்களையும் சிறாரையும் பற்றிப் பேசுமிடத்தில் இதே சொல்லைத்தான் ஆள்கின்றது. ஆகவே பூனை வீட்டாரோடு கலந்து வாழும் உயிராக ஏற்கப்பட்டுவிட்டது.

மற்றொரு நபிமொழி எச்சரிக்கையாக அமைந்தது. பூனையொன்றை அடைத்துவைத்து, அதற்கு உணவும் அளிக்காமல், பூமியின் சிற்றுயிர்களைத் தேடித் தின்னுமாறு அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண்ணொருத்தி நரகத் தண்டனைக்குள்ளானாள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற செய்தி. உணவும் நீரும் குறைவின்றி அளிப்பவர் பூனையை வளர்க்கலாம், கட்டியும் வைக்கலாம் என்று இந்த ஹதீஸிலிருந்தே இமாம் குர்துபீ (ரஹ்) சட்டம் வகுத்ததை ‘ஃபத்ஹுல் பாரீ’யில் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) எடுத்துக்காட்டுகின்றார்கள். கண்டிக்கப்பட்டது கட்டிவைத்தல் அன்று. கட்டிவைத்த பின் அதன் தேவைகளைக் கைவிட்டதே.

பூனையின் சீற்றம் எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராய்ந்தோருள் முதன்மையானவர் பஸராவின் அல்ஜாஹிழ் (இறப்பு: ஹி. 255 / கி.பி. 869). நூஹ் (அலை) அவர்களின் கப்பலில் எலிகள் பெருகியபோது சிங்கம் தும்ம, அத்தும்மலிலிருந்து பூனை பிறந்தது என்றொரு கதை அக்காலத்தில் வழங்கிவந்தது. ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் ஜாஹிழ் இதனைப் பாமரர் கதையாகவே கருதி எள்ளி நகையாடுகின்றார். ஆயினும் பூனையின் தோற்றத்திலும் பாய்ச்சலிலும் சிங்கத்தின் சாயலை மக்கள் கண்டிருந்தனர் என்பதற்கு அக்கதையே சான்று. தாய்ப்பூனை தன் குட்டிகளையே தின்றுவிடுவதைப் பற்றியும் அறிஞரிடையே விவாதம் இருந்தது. பசியால் என்றனர் சிலர். அளவுகடந்த பாசத்தால் என்றனர் வேறு சிலர். ‘பூனையைவிடப் பாசமிக்கவர்’ என்னும் பொருளில் ஓர் அரபுப் பழமொழியே இதன் அடியாகப் பிறந்தது. விளக்கம் எதுவானாலும், பூனையின் வன்செயலுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்றே அவர்கள் தேடினர். அதன் மீது பாவச்சுமையை ஏற்றவில்லை.

கெய்ரோவின் கமாலுத்தீன் அத்தமீரீ (ஹி. 742-808 / கி.பி. 1341-1405) ஹிஜ்ரி 773இல் நிறைவுசெய்த ‘ஹயாத்துல் ஹயவானில் குப்ரா’ இதே மரபின் தொடர்ச்சி. இதில் இலக்கண அறிஞர் இப்னு பாப்ஷாத் (இறப்பு: ஹி. 469 / கி.பி. 1077) பற்றிய நிகழ்ச்சியொன்று வருகின்றது. அவரும் நண்பர்களும் ஃபுஸ்தாத் நகரின் அம்ரு இப்னுல் ஆஸ் பள்ளிவாசல் மேல்தளத்தில் உணவருந்திக்கொண்டிருந்தனர். ஒரு பூனை வந்தது. கொடுத்ததைக் கவ்விக்கொண்டு ஓடி, உடனே மீண்டும் வந்து நின்றது. இவ்வாறு பலமுறை நிகழவே, ஒரு பூனை இவ்வளவு உண்ணுமா என ஐயுற்றுப் பின்தொடர்ந்தனர். அது ஒரு பாழிடத்தில் கிடந்த குருட்டுப் பூனைக்கு அவ்வுணவைக் கொண்டுபோய் வைத்தது. பேராசையாகத் தோன்றிய செயலுக்கு வேறொரு காரணம் இருந்தது. இந்நிகழ்ச்சி இப்னு பாப்ஷாதின் வாழ்வையே மாற்றி, அரசுப் பணியைத் துறக்கச் செய்ததாகக் கூறுவர். நமக்கோ இதில் இன்னொரு பாடமும் உண்டு: விலங்கின் செயலைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லாமல் பின்தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும்.

தமீரீ உயிரின நூலாசிரியர் மட்டுமல்லர். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலுக்கு விரிவுரை கண்ட ஷாஃபிஈ சட்ட அறிஞரும் ஆவார். பூனை பற்றிய நம் கேள்விக்கு நேரான விடை அந்த ‘மின்ஹாஜ்’ நூலிலேயே கிடைக்கின்றது.

ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) கூறும் சட்டத்தின் சாரம் இது: பறவையையோ உணவையோ அழிக்கும் பூனை, அவ்வாறு செய்வது அதன் வழக்கம் என அறியப்பட்டிருந்தால், இரவாயினும் பகலாயினும் அதன் உரிமையாளர் இழப்பீடு தர வேண்டும், அத்தகைய வழக்கம் அறியப்படாதிருந்தால் அவர் மீது பொறுப்பில்லை. இதுவே மத்ஹபின் வலுவான கூற்று. ஹன்பலீ மத்ஹபின் இப்னு குதாமா (ரஹ்) அவர்களும் ‘அல்முஃக்னீ’யில், பிறருடைய குஞ்சுகளைத் தின்னும் பூனையை வளர்ப்பவரைக் கடிநாய் வளர்ப்பவரோடு ஒப்பிட்டு இதே முடிவுக்கு வருகின்றார்கள்.

இங்கே ‘இரவாயினும் பகலாயினும்’ என்னும் சொற்கள் காரணமின்றி வரவில்லை. ஆடுமாடுகளுக்கான சட்டம் வேறு. பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து அழிவு செய்தபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் கடமை, இரவில் கால்நடை செய்யும் சேதத்திற்கு அதன் உடைமையாளரே பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பகலில் மேயவிடுவதும் இரவில் கட்டுவதும் மக்களின் வழக்கம் என்பதே இவ்வேறுபாட்டின் அடிப்படை. பூனையை எவரும் கட்டி வளர்ப்பதில்லை. உணவை மூடிவைப்பதே வழக்கம். ஆகவே சாதாரணப் பூனை ஏதேனும் கவிழ்த்தால் வளர்ப்பவரைப் பிடிக்க முடியாது. ஆனால் அதன் கெட்ட பழக்கம் தெரிந்துவிட்ட கணத்திலிருந்து அதைக் கட்டுப்படுத்தும் கடமை அவர் மீது வந்துவிடுகின்றது. ‘என் பூனை இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும்’ என்னும் அறிவுதான் ளமான் என்னும் இழப்பீட்டுப் பொறுப்பைப் பிறப்பிக்கின்றது.

அடுத்தது, பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம் என்பது. தாக்க வரும் உயிரை ‘ஸாயில்’ என்பர். அதனை எளிய வழியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகவே தடுக்க வேண்டும். குரலால் விரட்ட முடியுமானால் அடிப்பது ஹராம். கையால் முடியுமானால் சாட்டை கூடாது. சாட்டையால் முடியுமானால் தடி கூடாது. விலகித் தப்பிக்க வழியிருந்தால் விலகுவதே கடமை, மோதல் கூடாது. வேறெதுவும் பயன்படாத இறுதி நிலையில்தான் கொல்லுதல்.

சரி, அந்த நேரத்தில் தாக்காமல் அமைதியாக இருக்கும் பூனையை, அதன் பழைய குற்றங்களுக்காகக் கொல்லலாமா? காழீ ஹுஸைன் (ரஹ்) அவர்கள் ஆகும் என்றார்கள். தீங்கிழைக்கும் உயிர்களின் பட்டியலில் அதனைச் சேர்த்தார்கள். மத்ஹபில் வலுப்பெற்ற கருத்தோ கூடாது என்பதே. 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியில் ஸைனுத்தீன் மக்தூம் இயற்றிய ‘ஃபத்ஹுல் முஈன்’ நூல் நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வருவது. அதிலும் இச்சட்டம் இடம்பெற்றுள்ளது: சூறையாடப் பழகிய பூனையை முன்சொன்ன வரிசைப்படியே தடுக்க வேண்டும், அமைதியாக இருக்கையில் அதைக் கொல்லலாகாது. காரணமும் கூறப்படுகின்றது. அதன் தீங்கிலிருந்து காத்துக்கொள்ள முடியும் என்பதே அது.

ஹனஃபீ நூல்களின் பார்வை சற்று வேறு. ஔரங்கஸீப் ஆலம்கீர் ஆட்சியில் 17ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘ஃபதாவா ஹிந்திய்யா’, தொல்லை தரும் பூனையை அடிப்பதையும் காதைத் திருகுவதையும் தடுக்கின்றது. தேவையெனில் கூரிய கத்தியால் அறுத்துவிடலாம் என்கின்றது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதற்குள் ஓர் இரக்கம் இருக்கின்றது: பயனற்ற வேதனையைத் தண்டனை என்னும் பெயரில் தரலாகாது. நன்மை கருதியோ தீங்கைத் தவிர்க்கவோ ஆண் பூனைக்கு விதை நீக்கம் செய்வதில் குற்றமில்லை என்றும் அந்நூல் அனுமதிக்கின்றது. ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் உண்ணத்தகாத பிராணிகளுக்கு அதனைத் தடுத்துள்ளார்கள். இரு மத்ஹபினரும் அடுத்தடுத்து வாழும் தமிழகத்தில் இவ்வேறுபாடு அறியத்தக்கது. மயக்க மருந்தோடு செய்யப்படும் இன்றைய அறுவை மருத்துவத்தையும், அதனால் குறையும் சண்டையையும் கருத்திற்கொண்டு இதனை ஆய்ந்து சொல்வது இக்கால முஃப்திகளின் பணி.

சில காலத்திற்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்தார். வீட்டில் குட்டியிலிருந்து வளர்ந்த பூனை திடீரெனக் குழந்தையின் கையைக் கீறிவிட்டது. அதை மீன் சந்தையில் கொண்டுபோய் விட்டுவிடலாமா, ‘அவிழ்த்துவிடுதல்’ ஹதீஸிலேயே உள்ளதல்லவா என்று கேட்டார். இந்தக் கட்டுரைக்குத் தூண்டுகோல் அக்கேள்விதான்.

நம் ஃபுகஹாக்கள் புறாவையும் உணவையும் பற்றிப் பேசினர். இன்றைய வீடுகளில் அஞ்சப்படுவது குழந்தையின் கையும் முகமும். ஆகவே பூனையின் சீற்றத்தைப் பற்றி இன்று கால்நடை மருத்துவம் அறிந்திருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சீற்றம் என்பது ஒரே நோயன்று. அதற்குக் காரணங்கள் பல. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடி வளராத பூனை எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்னும் அளவை அறியாது. அசையும் கால்களையும் கைகளையும் இரையாக எண்ணிப் பாயும். அச்சமுற்ற பூனை காதுகளைப் பின்னுக்கு மடக்கி, கண்மணி விரிய, உடலை ஒடுக்கிக்கொண்டு சீறும். தப்ப வழியில்லாதபோதே தாக்கும். சன்னல் வழியே அயல் பூனையைக் கண்டு சினந்த பூனை அதை எட்ட முடியாமல் அருகிலிருப்பவரைக் கடிப்பதும் உண்டு. அச்சினம் தணியச் சில மணி நேரமும் ஆகலாம். வருடிக் கொடுக்கையில் வால் துடிப்பதும் முதுகுத் தோல் சிலிர்ப்பதும் ‘போதும்’ என்பதற்கான அறிகுறிகள். அறியாமல் தொடர்ந்தால் கடி விழும். குட்டி ஈன்ற தாய் காவலாகச் சீறும். அதுவரை சாதுவாக இருந்த பூனை திடீரென மாறினால் பல்லிலோ மூட்டிலோ வலி இருக்கக்கூடும். முதலில் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடிப்பதால் இவற்றுள் எதுவும் தீர்வதில்லை. அச்சம் மிகுந்து சீற்றம் வளரும். சீறும் பூனையைத் தூக்கவோ அணைக்கவோ முயலாமல் விலகிச் சென்று, இருட்டான அமைதியான அறையில் தனித்துவிட வேண்டும். கையைக் காட்டி விளையாடாமல் கோலில் கட்டிய கயிற்றையோ இறகையோ கொண்டு நாள்தோறும் விளையாட்டுக் காட்ட வேண்டும். புதுப் பூனையைக் கொண்டுவந்தால் தனியறையில் வைத்து, முதலில் வாடையையும் பிறகு உருவத்தையும் பழைய பூனைக்கு மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். குட்டிகள் பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதரின் கை பட்டு வளர்ந்தால் பின்னாளில் அச்சம் குறையும். சிறு குழந்தையைப் பூனையோடு தனியே விடலாகாது. கடித்தாலோ கீறினாலோ ஓடும் நீரில் சோப்பால் பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநோய் பூனையாலும் பரவும், பல் ஆழப் பதிந்த காயம் எளிதில் சீழ்வைக்கும். பூனைக்கும் உரிய காலத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

இவையனைத்தும் நம் நூல்களில் முன்பே சொல்லப்பட்டுவிட்டன என்று பெருமை பேசுவது முறையன்று. அவர்கள் கண்டது சட்டத்தை. மருத்துவர் கண்டது காரணத்தை. ஆனால் இரண்டும் ஒரு திசையில் செல்வதை மறுக்க முடியாது. விலகிச் செல்ல வழியிருந்தால் விலகு, எளியதிலிருந்து தொடங்கு, பயனின்றி வேதனை செய்யாதே என்ற சட்டத்திற்கும் மருத்துவரின் அறிவுரைக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

மாணவரின் கேள்விக்கு வருவோம். ஹதீஸில் அவிழ்த்துவிடுதல் என்பது தானே இரை தேடி வாழ வல்ல பூனைக்கு அதன் வழியைத் திறந்துவிடுவதாகும். கிண்ணத்துச் சோற்றில் வளர்ந்து வேட்டையறியாத பூனையைச் சந்தைத் தெருநாய்களிடையே வீசிவிடுவது அதன் உணவையும் காவலையும் ஒருங்கே பறிப்பதாகும். கீறும் பழக்கம் உள்ளதென அறிந்தே அதைப் பிறருடைய குழந்தைகள் நடமாடும் இடத்தில் விடுவதோ, பொறுப்பை இறக்கிவைப்பதன்று. அறியாதோர் தலையில் ஏற்றுவது. பசியாலோ தாகத்தாலோ வருந்தும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமே. வளர்க்க இயலாதெனில், அதன் பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, குழந்தைகள் இல்லாத, பேண வல்ல ஒருவரிடம் ஒப்படைப்பதே நேரிய வழி என்றேன். முதலில் மருத்துவரிடம் காட்டுமாறும் சொன்னேன். காதினுள் புண் இருந்தது தெரியவந்தது. குழந்தை அந்தக் காதைப் பிடித்திருக்கின்றது.

இனி, பக்தாதின் வழக்கைத் தீர்த்துப் பார்க்கலாம். கவிஞரின் பூனை புறா மாடங்களில் நுழைவது ஒருநாள் நிகழ்ச்சியன்று; அது அதன் வழக்கமாகிவிட்டது, கவிஞர் அதை அறிந்தும் இருந்தார். ஆகவே ஷாஃபிஈ, ஹன்பலீ நூல்களின்படி மடிந்த குஞ்சுகளுக்கெல்லாம் அவர் ஈடு செலுத்தியிருக்க வேண்டும். புறா வளர்த்தோர் அந்த ஈட்டைக் கேட்டுப் பெறும் உரிமையுடையோர். பாயும் பூனையை விரட்டவும் உரிமையுடையோர். பொறிவைத்துப் பிடித்து, கையில் அடங்கிய பின் கொல்வதற்கு வலுவான கூற்றின்படி அவர்களுக்கு உரிமையில்லை. பூனையோ எவ்வழக்கிலும் பிரதிவாதி அன்று. அது தன் இயல்பின்படி நடந்தது. அதன் இயல்பை அறிந்திருந்த மனிதர்களே இரு பக்கமும் தவறினர். உயிரை இழந்தது பூனை.